சத்துமாவுக்கு எடுக்கிற சோளம், சோயாவில கலப்பு இருக்குமோ?

கேள்வி: வீட்டில சத்துமா இடிச்சு பாக்கெட் போட்டுக் குடுக்கிறன். சோளமும் சோயாவும் புறக்கோட்டையிலதான் மூட்டையா எடுக்கிறது. மரபணு மாத்தினது சேர்ந்திருக்கோ எண்டு தாய்மார் கேக்கினம், கடைக்காரர் "அப்பிடி ஒண்டும் இல்லை அக்கா" எண்டுறார். நம்பலாமோ?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வாய்ச்சொல்லை மட்டும் நம்பி பிள்ளையளின்ர சாப்பாட்டில கை வைக்காதேங்கோ. குரக்கன், பயறு, உளுந்து, கடலையில பயமில்லை, அதுகளில மரபணு மாத்தின ரகம் சந்தைக்கே வரேல்லை. சோயாவும் சோளமும்தான் பிரச்சினை. அமெரிக்கா, பிரேசில், ஆர்ஜென்டினாவில விளையிற சோயாவில பெரும்பங்கு மரபணு மாத்தினது, அதால எந்த நாட்டுச் சரக்கு எண்டதைத்தான் முதல் கேளுங்கோ, உள்ளூர்ச் சோயா கிடைச்சா அதையே எடுங்கோ.

கலப்பு வாறது கனக்க இடத்தில. சோளத்தின்ர மகரந்தம் காத்தில பறக்கும், பக்கத்து வயலில இருந்தும் வரும். சோயா தன்னைத்தானே மகரந்தம் சேர்க்கிறது, அதில கலக்கிறது பெரும்பாலும் எங்கட கையாலதான், அறுவடை மெசினுக்குள்ள மிஞ்சின மணி, கூட்டாத லொறித் தட்டு, தானியம் சேமிக்கிற கோபுரத்தின்ர (சைலோ) அடி, திரும்பப் பாவிக்கிற பழைய சாக்கு. 2000 ஆம் ஆண்டு அமெரிக்காவில ஸ்டார்லிங்க் எண்ட சோளம் இப்பிடித்தான் பிடிபட்டது, மரபணு மாத்தின அந்தச் சோளத்துக்கு, மனிசர் சாப்பிட இல்லை, கால்நடைத் தீவனத்துக்கும் தொழிற்சாலைப் பாவனைக்கும் மட்டும் எண்டு அனுமதி குடுத்தது, அந்த நாட்டுச் சோள நிலத்தில நூத்துக்கு ஒரு பங்கு கூட இல்லை, ஆனா கடையில வித்த டாக்கோ எண்ட சோளமாத் தின்பண்டத்தின்ர ஓட்டுக்குள்ள வந்திட்டுது, பிறகு கடை கடையா சாமானைத் திருப்பி எடுத்தவை. கொஞ்சம்தானே எண்டு விட்டா இதுதான் நடக்கும்.

எங்கட நாட்டில 2006 ஆம் ஆண்டு விதிப்படி அனுமதி இல்லாமல் மரபணு மாத்தின உணவை இறக்கவும் ஏலாது விக்கவும் ஏலாது, 0.5 வீதத்துக்கு மேல இருந்தா லேபிள்ல போடவும் வேணும். கிலோவுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி அளவு சோளம், அவ்வளவுதான். அதால மூட்டையின்ர வாயில ஒரு பிடி அள்ளி டெஸ்டுக்குக் குடுக்கிறதில பிரயோசனம் இல்லை, குத்தூசி விட்டு மேல, நடு, அடி எண்டு எல்லா மூட்டையிலயும் எடுத்து ஒண்டாக் கலந்து குடுக்க வேணும். அந்த ரிப்போர்ட் கையில வரும்வரை பாக்கெட்டில "மரபணு மாத்தினது இல்லை" எண்டு அடிக்காதேங்கோ.

திரிக்கிற மில்லையும் மறந்திடாதேங்கோ. விடியவே முதல் ஆளாப் போய் கல்லைத் துடைக்கச் சொல்லுங்கோ, அதுக்குள்ள முதல் நாள் ஆற்றையோ சோளம் இருக்கும், முதல் விழுற ஒரு கிலோ மாவைப் பாக்கெட்டில போடாமல் புறம்பா வையுங்கோ.