நெட் நின்று நின்று வருகிறதா? முதலில் விளக்கைப் பாருங்கள்

மழைக்காலம் வந்தாலே இந்தக் கேள்வி பதில் பகுதிக்கு ஒரே புலம்பல்தான். ஃபைபர் போட்டும் நெட் நின்று நின்று வருகிறது, கம்பெனிக்காரர் காது கொடுத்துக் கேட்பதில்லை. இந்த முறை கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரே நோய் மாதிரி தெரியும், ஆனால் காரணம் வீட்டுக்கு வீடு வேறு.

கேள்வி: ஃபைபர் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. கொஞ்ச நாளாக ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை நெட் போகிறது, இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே வந்துவிடுகிறது. மதியத்தில் அதிகம், மழை பெய்தால் இன்னும் அதிகம். கஸ்டமர் கேரில் மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்கிறார்கள். மகன் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறான், மீட்டிங் நடுவில் கட்டாகி மானம் போகிறது. என்ன செய்வது?
_வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்_

அம்மா, ஆஃப் செய்து ஆன் செய்வதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். அடுத்த முறை நெட் போன உடனே ஓடிப்போய் மோடத்தின் முகத்தைப் பாருங்கள், அதுதான் முதல் வேலை. பான் (PON) என்று ஒரு விளக்கு இருக்கும், அது அசையாமல் பச்சையாக எரிய வேண்டும். எல்ஓஎஸ் (LOS) என்று இன்னொன்று இருக்கும், அது எரியவே கூடாது. எல்ஓஎஸ் சிவப்பாக மின்னினால் உங்கள் வீட்டுக்கு ஒளியே வரவில்லை, அல்லது மோடத்துக்குப் புரிகிற அளவுக்கு வரவில்லை என்று பொருள். பான் நன்றாக எரிந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்திருந்தால் கேபிளில் குறையில்லை, கம்பெனியின் சர்வரோடு உங்கள் லாகின் துண்டிக்கப்படுகிறது. இரண்டு விளக்கும் சரியாக இருந்தும் போனில் நெட் வரவில்லை என்றால் வைஃபையைச் சந்தேகப்படலாம். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நேரமும் அதிலேயே பதிவாகிவிடும். கம்ப்ளைன்ட் கொடுக்கும்போது இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மதியமும் மழையும் என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் சிக்னல் அளவு விளிம்பில் நிற்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்துவிட்டால் லைன்மேன் உங்களைச் சுலபத்தில் ஏமாற்ற முடியாது.

கேபிள் ஆபீசிலிருந்து கிளம்பும் ஒரே ஒளியைத்தான் ஸ்ப்ளிட்டர் என்ற சின்னப் பெட்டியால் பிரித்து, பல இடங்களில் 32 வீடுகள் வரை கொடுக்கிறார்கள். ஒளியின் பலத்தை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள். ஒவ்வொரு 3 டெசிபல் குறையும்போதும் ஒளி பாதியாகிறது. கிளம்பும் இடத்தில் பிளஸ் 3 என்று வைத்துக்கொள்வோம். 32 ஆகப் பிரிப்பதிலேயே 17 டெசிபல் அளவுக்குப் போய்விடும். அப்புறம் சில கிலோமீட்டர் கேபிள், நாலைந்து இணைப்புகள், எல்லாம் சேர்த்து இன்னொரு 4. ஆக உங்கள் வீட்டில் மைனஸ் 18 வாக்கில் வர வேண்டும். மைனஸ் 24 வரைக்கும் கவலையில்லை. மைனஸ் 27, 28 என்றால் மோடம் தட்டுத்தடுமாறும் இடம் அது. மைனஸ் 18 வர வேண்டிய இடத்தில் 27 காட்டினால் 9 டெசிபல் எங்கேயோ தொலைந்திருக்கிறது, அதாவது வர வேண்டிய ஒளியில் எட்டில் ஒரு பங்குதான் வருகிறது. அந்த நிலையில் வெயில் ஏறினாலோ, காற்றில் கேபிள் ஆடினாலோ, பெட்டிக்குள் ஈரம் போனாலோ கட்டாகும். சாயங்காலம் லைன்மேன் வரும்போது பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும், அவரும் “சிக்னல் இருக்குதே” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இந்த அளவை நீங்களே பார்க்கலாம். மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 192.168.1.1 என்பது போல ஒரு முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். மகனை பிரவுசரில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டேட்டஸ் பகுதியில் ஆப்டிகல் அல்லது பான் என்ற தலைப்பின் கீழ் ‘ஆர்எக்ஸ் பவர்’ (RX Power) என்று இருக்கும், அதுதான் உங்கள் வீட்டுக்கு வந்து சேரும் ஒளியின் அளவு. காலை, மதியம், மழை நேரம் என்று மூன்று வேளை குறித்து வையுங்கள். அந்தப் பக்கத்தில் வேறெதையும் தொட வேண்டாம். முக்கியமாக, குண்டூசியால் அழுத்தும் ரீசெட் ஓட்டையின் பக்கமே போகாதீர்கள். அதை அழுத்தினால் லாகின் விவரமெல்லாம் அழிந்து, ஆள் வரும்வரை நெட்டே இருக்காது.

ஒளி எங்கே தொலைகிறது என்றால், பெரும்பாலும் கடைசி ஐம்பது மீட்டரில்தான். மோடத்தின் பின்னால் கேபிளை ஆணிக்கிளிப் போட்டு இறுக்கியிருப்பார்கள், கதவு இடுக்கில் நசுங்கியிருக்கும், பீரோவின் பின்னால் சுருட்டி மடக்கித் திணித்திருப்போம். கண்ணாடி இழை உடையாமலே மடங்கலாம், மடங்கினால் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். வெளியே பார்த்தால் தென்னை மட்டை விழுந்து இழுத்திருக்கும், அணில் கடித்திருக்கும். திருப்பாதிரிப்புலியூர் மாடவீதிப் பக்கம் இருப்பவர்கள் வைகாசித் தேருக்குக் கேபிளைத் தூக்கிக் கட்டிய பிறகு எப்படித் திரும்பத் தொங்கவிட்டார்கள் என்று ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

இன்னொரு காரணம் உண்டு, இதை ரொம்பப் பேர் கவனிப்பதில்லை. அவசரத்துக்கு லைன்மேன்கள், இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் இல்லாமல், கையிலேயே மாட்டும் கனெக்டரைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குள் ஒரு ஜெல் இருக்கும், இழை முனையும் சரியாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். போட்ட அன்று நன்றாகத்தான் இருக்கும். நாளாக ஆக ஜெல் காய்ந்து, முனை நகர்ந்து, இழப்பு கூடிக்கொண்டே போகும். மெஷினில் வைத்து உருக்கி ஒட்டினால் ஓர் இணைப்புக்கு 0.1 டெசிபல்கூடப் போகாது. எனவே ஆள் வந்தால் “ஸ்ப்ளைசிங் போட்டுக் கொடுங்க, பவர் மீட்டரில் அளவு காட்டுங்க” என்று நேராகக் கேளுங்கள். மீட்டர் கொண்டுவராமல் வந்து மோடத்தை மாற்றிவிட்டுப் போகிறவரிடம் எனக்கு நம்பிக்கையில்லை. கனெக்டரின் நிறத்தையும் பாருங்கள். பச்சை முனை பச்சையில்தான் சேர வேண்டும், பச்சையை நீலத்தில் செருகினால் முனைகளின் சாய்வு பொருந்தாமல் ஒளி வீணாகும்.

ஒரு எச்சரிக்கை: கேபிள் முனையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி அது. பனியன் துணியால் முனையைத் துடைக்கவும் வேண்டாம், ஒரு தூசி போதும் அதைக் கெடுக்க.

கேள்வி: லைன்மேன் வந்து மைனஸ் 19 என்று காட்டிவிட்டார். விளக்குகளும் சரியாகவே எரிகின்றன. ஆனால் மாடியிலும் பின்கட்டிலும் வீடியோ கால் உறைந்து நிற்கிறது. பழைய வீடு, சுவர் எல்லாம் கனம்.
_வாசகர், குருசுக்குப்பம், புதுச்சேரி_

மைனஸ் 19 என்றால் கேபிள்காரரைத் திட்டாதீர்கள், அவர் வேலை முடிந்துவிட்டது. உங்கள் பிரச்சினை காற்றில் இருக்கிறது.

உறுதி செய்ய ஒரு வழி சொல்கிறேன். லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக மோடத்தில் மாட்டி, கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ‘பிங்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு 192.168.1.1, இன்னொரு இடைவெளி, கடைசியில் கழித்தல் குறியும் ‘டி’ எழுத்தும் போடுங்கள். இன்னொரு ஜன்னலில் அதேபோல 8.8.8.8. முதலாவது உங்கள் மோடத்தின் முகவரி, இரண்டாவது வெளியே இருக்கும் கூகுளின் முகவரி. இரண்டையும் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். அப்புறம் கேபிளைக் கழற்றிவிட்டு வைஃபையில் அதையே செய்யுங்கள். கேபிளில் இரண்டும் ஓடி, வைஃபையில் முதல் ஜன்னலே தடுமாறினால் குற்றவாளி வைஃபைதான். முதல் ஜன்னல் ஓடி, இரண்டாவது மட்டும் நின்றால் குறை வெளியே.

புதுச்சேரியின் பழைய வீடுகளில் செங்கலும் சுண்ணாம்புமாகச் சுவர் எழுப்பியிருப்பார்கள், ஒன்றரை அடி கனம்கூட இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் அப்படிப்பட்ட சுவரைக் கண்டால் திரும்பிவிடும். 2.4 ஓரளவு துளைக்கும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் அதிலேயேதான் இருக்கிறார்கள், மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இரைகிறது. 2.4-இல் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. அவற்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். 5-இல் 36 முதல் 48 வரைக்குள் நிறுத்தி வையுங்கள். அதற்கு மேலுள்ள சில சேனல்களில் ரேடார் மாதிரி எதையாவது உணர்ந்தால் ரூட்டர் தானாகவே சேனலைக் காலி செய்துவிடும், அந்த நேரத்தில் நெட் அறுந்த மாதிரி இருக்கும்.

முற்றம் வைத்த வீடாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மோடத்தைத் தெருப்பக்க அறையின் மூலையிலிருந்து எடுத்து முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், மழைச்சாரல் படாத உயரத்தில் வைத்துப் பாருங்கள். திறந்தவெளியைச் சுற்றி அலை பரவுவதால் பின்கட்டுக்கும் மாடிக்கும் சுவரைத் துளைக்காமலே போகும். அப்படியும் போதவில்லை என்றால் விலை குறைந்த ரிப்பீட்டர் வாங்காதீர்கள், அது வேகத்தைப் பாதியாக்கும். மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து அதன் முனையில் இன்னொரு வைஃபை பெட்டி வையுங்கள். சுவரில் ஓட்டை போட மனசு வராதுதான், ஆனால் ஒரு ஓட்டையோடு போய்விடும்.

கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒன்று கூடுதலாக. கண்ணாடி இழைக்கு உப்புக்காற்றால் ஒன்றும் ஆகாது, ஆனால் லேன் கேபிளின் செப்பு முனைகளிலும் அடாப்டர் ஜாக்கிலும் பச்சைக் களிம்பு ஏறும். ஆண்டுக்கொரு முறை அவற்றை மாற்றினால் பாதித் தொல்லை குறையும்.

கேள்வி: கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும்போதெல்லாம் மோடம் ரீஸ்டார்ட் ஆகிறது. மூன்று நிமிடம் போகிறது. வழி உண்டா?
_வாசகர், முதுநகர், கடலூர்_

உண்டு, செலவும் அதிகமில்லை. ரூட்டருக்கென்று சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள், அடாப்டருக்கும் மோடத்துக்கும் நடுவில் மாட்டுவது. அடாப்டரில் 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அதே வோல்ட் இருக்கட்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கட்டும். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள், சில மாடல்களில் அதிலேயே தீர்ந்துவிடும். கரண்ட் போகாமலேயே மோடம் ரீஸ்டார்ட் ஆனால் பழைய அடாப்டரைச் சந்தேகப்படுங்கள்.

மோடம் அணையாமல் எரிந்துகொண்டிருந்தும் தெருவில் கரண்ட் போனால் நெட்டும் போகிறது என்றால், அது வேறு கதை. நிஜமான ஃபைபர் லைனில் வழியில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை. உங்கள் தெருக் கம்பத்தில் யார் வீட்டுக் கரண்டிலோ ஓடும் ஸ்விட்ச் பெட்டி ஒன்றை வைத்து, அங்கிருந்து உங்களுக்கு இழுத்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எத்தனை புகார் கொடுத்தாலும் “சரி செய்யப்பட்டது” என்று எஸ்எம்எஸ் வருகிறது, ஆள் வருவதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதலாமா?
_வாசகி, வில்லியனூர், புதுச்சேரி_

டிராய் தனிநபர் புகாரைக் கையில் எடுப்பதில்லை, அங்கே எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வேலை நடக்காமல் புகாரை மூடினால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் போகலாம், கட்டணம் கிடையாது, அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. விளக்குப் படமும் சிக்னல் அளவுகளும் அங்கேதான் உதவும். நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புப் புகார்களை அங்கே விசாரிக்கலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தொலைத்தொடர்புக் கணக்கில் தமிழ்நாடு வட்டத்தில்தான் புதுச்சேரியும் காரைக்காலும் வருகின்றன, மாஹி கேரளாவோடும் ஏனாம் ஆந்திராவோடும் போகும். மேல்முறையீட்டு அதிகாரியின் முகவரி தேடும்போது குழம்ப வேண்டாம்.

கேள்வி: கம்பெனியையே மாற்றிவிடலாமா? அல்லது இரண்டு கனெக்‌ஷன் வைத்துக்கொள்ளலாமா?
_வாசகர், நெல்லிக்குப்பம்_

மாற்றுவதற்கு முன்னால் கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். பல தெருக்களில் இரண்டு கம்பெனியின் லைனையும் ஒரே கேபிள்காரர்தான் இழுக்கிறார், ஒரே கம்பம், ஒரே வழி. பெயர் மாறும், தென்னை மட்டை விழுந்தால் இரண்டும் சேர்ந்தே அறுந்து போகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த மாதிரி ஒரு மழை வந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டாவது கனெக்‌ஷன் எதிர்ப்பக்கத் தெருவிலிருந்து வருமானால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு நல்ல சிக்னல் உள்ள சிம் ஒன்றைப் போட்டு ஹாட்ஸ்பாட் வைத்துக்கொள்வதே மேல். அதை வாங்குவதற்கு முன் மொட்டை மாடியில் மட்டுமல்ல, நீங்கள் வேலை பார்க்கும் அறைக்குள்ளும் சிக்னல் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.