புளோரிடாவில் வீடு வாங்கப் போகிறீர்களா? இன்ஸ்பெக்‌ஷன், இன்சூரன்ஸ் பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

நான் டாம்பா பக்கம் வீட்டு இன்ஸ்பெக்டர் வேலை பார்க்கிறேன். நம் ஆட்கள் வீட்டு விலை, வட்டி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் அலசிவிட்டு, இன்சூரன்ஸை மட்டும் குளோசிங்குக்கு, அதாவது பணம் கட்டி வீடு கைமாறும் நாளுக்கு, நாலு நாள் இருக்கும்போது விசாரிக்கிறார்கள். அப்போது வருகிற தொகையைப் பார்த்து அவர்கள் முகம் போகிற போக்கை நிறைய பார்த்துவிட்டேன். அதனால்தான் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். வந்தவற்றில் பலருக்கும் பயன்படுவதை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அண்ணா, 1988-ல் கட்டிய வீடு. முழு இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து 60 பக்க ரிப்போர்ட் கையில் இருக்கிறது. இன்சூரன்ஸ்காரர்கள் "ஃபோர் பாயின்ட்" தனியாக வேண்டும் என்கிறார்கள். ஒரே வீட்டுக்கு ஏன் இரண்டு தடவை பணம்?

தம்பி, அந்த 60 பக்கம் உங்களுக்காக எழுதியது. கதவு சரியாக மூடவில்லை என்பது வரை அதில் இருக்கும். ஃபோர் பாயின்ட் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக. கூரை, எலெக்ட்ரிக், பிளம்பிங், ஏசி என்று நாலே விஷயம், போட்டோவோடு. பழைய வீடு என்றால் இது இல்லாமல் பெரும்பாலான கம்பெனிகள் பாலிசி தராது. முழு இன்ஸ்பெக்‌ஷன், ஃபோர் பாயின்ட், விண்ட் மிட்டிகேஷன் (வீடு புயல் காற்றை எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் ஆய்வு) மூன்றையும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் செய்யச் சொல்லிக் கேளுங்கள், தனித்தனியாகச் செய்வதைவிடக் குறைவாக முடியும்.

கேள்வி: ஃபோர் பாயின்டில் எலெக்ட்ரிக் பேனல் "ஃபெடரல் பசிஃபிக்" என்று குறித்திருக்கிறார்கள். விற்பவர் "முப்பது வருஷமாக ஓடுகிறது, ஒரு பிரச்சினையும் வந்ததில்லை" என்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பிரேக்கரின் வேலை ஓடுவது அல்ல, லோடு மீறும்போது விழுவது. ஃபெடரல் பசிஃபிக் என்பது ஒரு பழைய பிராண்ட், அந்த வகைப் பேனலில் விழ வேண்டிய நேரத்தில் பிரேக்கர் விழாமல் போகிறது என்பதுதான் பல காலமாக இருக்கிற குற்றச்சாட்டு. முப்பது வருஷம் அதற்குச் சோதனை வராமலேயே போயிருக்கலாம். ஸின்ஸ்கோ என்ற இன்னொரு பிராண்ட் பேனலுக்கும் இதே கதைதான். பெரும்பாலான கம்பெனிகள் மாற்றாமல் பாலிசி தராது, எனவே குளோசிங்குக்கு முன்பே மாற்றித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்படியே சமையலறை சிங்க் அடியிலும் வாட்டர் ஹீட்டர் பக்கத்திலும் குனிந்து பாருங்கள். சாம்பல் நிறத்தில் வளைகிற பிளாஸ்டிக் குழாய் தெரிந்தால் அது பாலிபியூட்டிலீனாக இருக்கலாம். 1978-லிருந்து 1995 வரை நிறைய போட்டார்கள், தண்ணீரில் இருக்கும் குளோரினே அதை உள்ளிருந்து அரித்துவிடுகிறது. வீடு முழுக்க மாற்றுவது பெரிய செலவு, அதனால் கையெழுத்துப் போடுமுன் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

கேள்வி: விண்ட் மிட்டிகேஷன் கட்டாயம் இல்லை என்றார்கள். அப்புறம் எதற்கு?

பணம் மிச்சமாகத்தான்! இங்கே பிரீமியத்தில் பெரிய பங்கு காற்றுக்காகக் கட்டுவது. காற்றைத் தாங்கும்படி வீடு கட்டியிருந்தால் அந்தப் பங்கில் தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும் என்பது புளோரிடா சட்டம். ஆனால் அதை நிரூபிக்கும் படிவம் நீங்கள் கொடுக்காதவரை உங்கள் வீட்டில் எதுவும் இல்லை என்றே கணக்கு. வீட்டில் மாற்றம் எதுவும் செய்யாவிட்டால் ஒரு படிவம் 5 வருஷம் செல்லும்.

பார்ப்பது என்ன என்றால், கூரைப் பலகையில் எந்த அளவு ஆணி, எவ்வளவு இடைவெளி, கூரை நாலு பக்கமும் சரிகிற ஹிப் வகையா, ஜன்னலுக்குப் புயல் தடுப்பு இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாகக் கூரைச் சட்டம் சுவரோடு எப்படிப் பிணைந்திருக்கிறது. இந்தக் கடைசிக்காக அட்டிக்கின் (கூரைக்கு அடியில் இருக்கும் இடம்) ஓரத்தில், நிமிரக்கூட இடமில்லாத இடத்தில், இன்சுலேஷன் மேல் குப்புறப் படுத்து டார்ச் அடித்து ஆணி எண்ணுவோம். சட்டத்தைச் சுவரோடு பிணைக்கும் உலோகப் பட்டையைக் கிளிப் என்று படிவத்தில் எழுத வேண்டுமானால் அதில் குறைந்தது 3 ஆணி வேண்டும். பிராண்டன் பக்கம் 1984-ல் கட்டிய ஒரு வீட்டில் எல்லாச் சட்டத்திலும் உலோகப் பட்டை அழகாக இருந்தது, ஒவ்வொன்றிலும் 2 ஆணிதான், மூன்றாவது துளை காலியாகவே இருந்தது. பட்டையே இல்லாமல் சாய்வாக ஆணி மட்டும் அடித்த வீட்டுக்குச் சமமாக, "டோ நெயில்" என்றுதான் என்னால் எழுத முடிந்தது. வாங்கியவர் தச்சரை வைத்து அந்த ஒற்றை ஆணியை ஒவ்வொன்றிலும் அடித்தார், நான் மறுபடி ஏறிப் படம் எடுத்துப் புதுப் படிவம் கொடுத்தேன், தள்ளுபடி கிடைத்தது. ரிப்போர்ட்டில் "டோ நெயில்" என்று பார்த்தால் ஏன் என்று இன்ஸ்பெக்டரைக் கேளுங்கள். சில சமயம் தடையாக இருப்பது ஒரு ஆணிதான்.

கேள்வி: கூரைக்கு 17 வயது. மாற்றினால்தான் பாலிசி என்கிறார்கள். அவ்வளவுதானா?

இல்லை. 2022-ல் வந்த சட்டப்படி 15 வருஷத்துக்குக் குறைந்த கூரையை வயதை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது. 15 தாண்டியிருந்தால், மாற்றச் சொல்லுமுன் உங்கள் செலவில் ஆய்வு செய்ய இடம் கொடுக்க வேண்டும். இன்னும் 5 வருஷமாவது தாங்கும் என்று தகுதியுள்ளவர் எழுதிக் கொடுத்தால் வயது மட்டுமே காரணம் என்று தள்ள முடியாது. ஷிங்கிள் (கூரை மேல் வேயும் தகடு) உதிர்ந்திருந்தாலோ ஒழுகல் கறை இருந்தாலோ அது வேறு விஷயம். பாலிசி கிடைத்தாலும், கூரைக்கு முழு மாற்றுச் செலவு தருவார்களா, தேய்மானம் கழித்துத் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். ஹரிக்கேன் டிடக்டிபிளையும், அதாவது புயல் சேதத்தில் முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கையும் பாருங்கள். 2% என்றால் சின்னதாகத் தெரியும், 4,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் அது 8,000 டாலர், உங்கள் கையிலிருந்து போவது.

கேள்வி: போட்டி அதிகம், இன்ஸ்பெக்‌ஷனை விட்டுக்கொடுத்தால் ஆஃபர் ஜெயிக்கும் என்கிறார் ஏஜென்ட்.

தயவுசெய்து வேண்டாம். இங்கே வழக்கமான "அஸ் இஸ்" (வீட்டை இருக்கிறபடியே வாங்கும்) ஒப்பந்தத்தில் ஆய்வுக் காலத்தை நிரப்பாமல் விட்டால் 15 நாள். அதற்குள் பிடிக்கவில்லை என்றால் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலகலாம். போட்டி இருந்தால் 7 நாளாகக் குறைத்துக் கொடுங்கள், விற்பவருக்கும் அது பிடிக்கும். ஆனால் அந்த 7 நாளுக்குள் படிவங்களை இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கு அனுப்பி உண்மையான தொகையை வாங்கிவிடுங்கள். படிவம் பார்க்காமல் போனில் சொல்கிற தொகையை நம்பி வீடு வாங்காதீர்கள். அதே நாட்களில் வீட்டின் பழைய கிளெய்ம் விவரம், அதாவது க்ளூ ரிப்போர்ட்டையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள், 7 வருஷம் வரையிலான கிளெய்ம்கள் அதில் இருக்கும்.

கேள்வி: புது வீடு. அதற்கும் இன்ஸ்பெக்‌ஷன் வேண்டுமா?

வேண்டும். மாநிலக் கட்டடச் சட்டம் 2002 மார்ச்சில் அமலானபின் கட்டிய வீடுகள் பொதுவாக உறுதியானவை, பிரீமியமும் குறைவு. ஆனாலும் ஏசி குழாய் கழன்று கிடந்த புது அட்டிக்குகளைப் பார்த்திருக்கிறேன். பில்டரின் ஒரு வருஷ வாரன்ட்டி முடியுமுன் 11-ஆம் மாதம் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் இடம் வெள்ள அபாயப் பகுதி இல்லை. ஃப்ளட் இன்சூரன்ஸ் தேவையா சார்?

நான் எடுக்கத்தான் சொல்வேன். வெளியிலிருந்து புகுகிற வெள்ளத்துக்குச் சாதாரண வீட்டு பாலிசி பணம் தராது. 2024 அக்டோபரில் மில்டன் புயலின் மழைக்குக் கடலோரமே இல்லாத தெருக்களிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அரசுத் திட்டத்தில் சேர்ந்தால் பாதுகாப்பு தொடங்க 30 நாள் ஆகும், வீட்டுக் கடனுக்காகக் குளோசிங்கோடு எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை.

கேள்வி: எங்கள் குளோசிங் செப்டம்பரில். கவனிக்க வேண்டியது ஏதாவது?

புயல் நெருங்கும்போது எல்லாக் கம்பெனிகளும் புதுப் பாலிசி எழுதுவதை நிறுத்திவிடும். பாலிசி இல்லாமல் பேங்க் கடன் தராது, லாரியில் சாமான் ஏற்றியபின் குளோசிங் தள்ளிப்போனவர்கள் இருக்கிறார்கள். ஆய்வு முடிந்த கையோடு, ஆகஸ்டிலேயே முடிந்தால் இன்னும் நல்லது, பாலிசியை உறுதி செய்து அந்தக் காகிதத்தைக் கடன் ஆபீசருக்கு அனுப்பிவிடுங்கள்.