தாடை மூட்டு வலிக்கு லேசர் வைத்தால் போதுமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன், வயது 38. ஆறு மாதமாக இடது காதுக்கு முன்னால் வலி, வாயைத் திறந்தால் 'டொக்' என்று சத்தம். காதில் கோளாறு இல்லை என்று பார்த்துவிட்டார்கள். தாடை மூட்டு வலிதான், பத்து தடவை லேசர் வைத்தால் சரியாகும் என்கிறார் பல் டாக்டர். சுடுமா? பணம் கட்டலாமா?

பதில்: சுடாது, வெட்டவும் வெட்டாது. பேனா மாதிரி ஒரு கருவியைக் காதோரத் தோலில் கொஞ்ச நேரம் வைப்பார்கள். அதிலிருந்து வருவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. கண்ணில் பட்டாலும் தெரியாமலே கெடுதல் செய்யலாம், அதனாலேயே பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் உட்காராதீர்கள். 1960களில் ஹங்கேரி மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், மழித்த எலித்தோலில் மங்கலான லேசரைப் பாய்ச்சியபோது முடி சீக்கிரம் வளர்ந்ததைப் பார்த்தார். இந்த சிகிச்சையின் தொடக்கம் அதுதான்.

தாடை வலி இதனால் பலருக்குக் குறைந்திருக்கிறது. ஆனால் சில ஆய்வுகளில், லேசரை இயக்காமல் சும்மா வைத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. அதனால் இதை நான் துணை வைத்தியமாகத்தான் சொல்வேன். மூட்டுக்குள் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு தட்டு (டிஸ்க்) இருக்கிறது; அது விலகியிருந்தால் லேசர் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவராது. சத்தம் நிற்காமலும் போகலாம். வலியில்லாத சத்தத்துக்கு வைத்தியமே வேண்டாம்.

இப்போது இரண்டு கன்னத்திலும் விரல்களை வைத்து, பல்லை இறுக்கிக் கடியுங்கள். உருண்டு எழும்புகிறதே, அந்தத் தசையை அழுத்தும்போது உங்கள் பழகிய வலியே வருகிறதா? அப்படியானால் தசையின் பங்கு பெரிது. குனிந்து கொலுசின் பொடிப்பொடித் துண்டுகளைப் பற்றவைத்து ஒட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறீர்களா என்று கவனியுங்கள். உதடு மூடியிருக்கலாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டக் கூடாது. இதைப் பழக்கிக்கொள்ளாமல் எத்தனை லேசர் வைத்தாலும் வலி திரும்பி வரலாம்.

அப்புறம், தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவலும் சட்னியும் வைத்து ஒரே வாயில் போட, தாடை முழுசாகத் திறந்து உடனே நொறுக்க வேண்டும். ஒரு மாதம் வேண்டாம். இட்லி, குழைந்த சாதம் போதும். ஏற்காடு ஏறும்போது காது அடைத்தால் பெரிதாகக் கொட்டாவி விடாமல் எச்சில் விழுங்குங்கள். தினமும் இரண்டு வேளை வெந்நீர் ஒத்தடம். தூக்கத்தில் பல் நறநறவென்று கடிப்பதாக வீட்டில் சொன்னால், நைட் கார்டு (இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை) பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இதெல்லாம் ஒரு மாதம் செய்தும் வலி இருந்தால் லேசர் வைத்துப் பாருங்கள். பத்துக்கும் சேர்த்து முன்பணம் கட்டாதீர்கள். நாலைந்து முறைக்குப் பிறகு வலி இறங்கியிருந்தால் தொடரலாம். வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காமல் பூட்டிக்கொண்டாலோ, வீக்கமும் காய்ச்சலும் வந்தாலோ ஒரு மாதம் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள். படியேறும்போது தாடை வலியோடு நெஞ்சு அடைத்து வியர்த்தால், பல் டாக்டரைத் தேடாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.