பிரிட்டனின் டிவிஆர் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி ஏன் மூடப்பட்டது? முதலாளி மாறியதுதான் காரணமா?

அது கடைசிக் காரணம்தான். 24 வயது ரஷ்யர் நிக்கொலாய் ஸ்மொலென்ஸ்கி 2004-இல் கம்பெனியை வாங்கினார், 2006-இல் இங்கிலாந்தின் பிளாக்பூல் தொழிற்சாலையில் வேலை நின்றது. பழியெல்லாம் அவர் தலையில் விழுந்தது. ஆனால் சீக்கு அதற்கு முன்பே என்ஜினுக்குள் இருந்தது.

ட்ரெவர் வில்கின்சன் 1940களில் தொடங்கிய கம்பெனி, கைமாறி 1981-இல் பீட்டர் வீலரிடம் வந்தது. வெல்டிங் செய்த இரும்புக் குழாய் சேஸிஸ், மேலே ஃபைபர் பாடி, உள்ளே ரோவரின் அலுமினிய வி8: வளர்ந்தது இந்தச் சேர்க்கையால்தான். ஃபைபருக்கு மோல்டு போதும், இரும்புத் தகடு அடிக்கும் டை (அழுத்து அச்சு) செலவு கிடையாது. அதனால் சின்ன கம்பெனியாலும் அடிக்கடி புது மாடல் விட முடிந்தது. 1993-இல் வந்த கிரிஃபித் 500 மாடலுக்கு 5 லிட்டர் என்ஜின், 340 குதிரைத்திறன். எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், ஏர்பேக் இரண்டும் இல்லை. வீலருக்கு அவற்றில் நம்பிக்கையே கிடையாது.

1994-இல் ரோவரை பிஎம்டபிள்யூ வாங்கியது. ரோவர் வி8 தொடர்ந்து கிடைக்குமா என்ற சந்தேகத்தில் டிவிஆர் சொந்த என்ஜினுக்குப் போனது. 1996-இல் செர்பெரா என்ற மாடலில் வந்த 4.2 லிட்டர் வி8, 360 குதிரைத்திறன், அபாரமான என்ஜின். அடுத்து வந்த ஆறு சிலிண்டர் 'ஸ்பீட் சிக்ஸ்'தான் வினையானது. வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் ஃபாலோயரின் முகம் தேயும். தேய்ந்த உலோகத் துகள் ஆயிலில் கலக்கும், அந்தத் தண்டின் மேடான பகுதியான கேம் லோபும் சேர்ந்து தேயும், வால்வு இடைவெளி மாறும். வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடும் சில என்ஜின்களில் சீக்கிரம் தளர்ந்தது. வாரண்டிக்குள்ளேயே என்ஜினைப் பிரித்துக் கட்ட வேண்டி வந்தது. பெரிய கம்பெனி இந்தச் செலவைத் தாங்கும். வருடத்துக்கு ஆயிரம் சொச்சம் கார் விற்கிற கம்பெனி எப்படித் தாங்கும்? அமெரிக்கச் சந்தையை 1987-லேயே விட்டாயிற்று. உள்ளூரிலோ, தினமும் சாவி போட்டதும் கிளம்புகிற போர்ஷ் பாக்ஸ்டர் வந்துவிட்டது.

2017-இல் புதிய உரிமையாளர்கள் ஃபோர்டின் 5 லிட்டர் வி8 வைத்து ஒரு கிரிஃபித்தைக் காட்டினார்கள். வேல்ஸில் தொழிற்சாலை என்றார்கள். முன்பணம் கட்டியவர்கள் கைக்குக் கார் வரவில்லை.

பிரிட்டனில் ஸ்பீட் சிக்ஸ் என்ஜின் கொண்ட பழைய டிவிஆர் மாடல்களான டஸ்கனோ டமோராவோ வாங்கப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது என்ஜின் பிரித்துக் கட்டிய பில்: ஃபாலோயர், கேம், வால்வு கைடு மூன்றும் அதில் இருக்க வேண்டும். 12,000 மைலுக்கு ஒருமுறை வால்வு இடைவெளி பார்த்த பதிவும் வேண்டும். குளிர்ந்த என்ஜினை உங்கள் முன்னால் கிளப்பச் சொல்லுங்கள். போகும் முன்பே சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு லிஃப்டில் ஏற்றி, கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுச் சேஸிஸ் குழாய்களைப் பாருங்கள். பவுடர் கோட்டிங் வெடித்து, ஈரம் புகுந்து, உள்ளுக்குள் துரு அரிக்கும். மேலே புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தால் நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம், தப்பில்லை. ஒழுங்காகச் சரிசெய்ய பாடியையே தூக்க வேண்டும். அந்தக் கூலியை விலையில் கழித்த பிறகு பேரம் பேசுங்கள்.