தலைவலிக்குச் சீனப் பொடி குடிக்கலாமா?

கேள்வி: ஆறு வருஷமாக ஒற்றைத் தலைவலி. பீடி சுற்றுகிறேன். வலது பொட்டில் ஆரம்பித்து கண்ணுக்குப் பின்னால் தெறிக்கும், வாந்தி எடுத்தால்தான் அடங்கும். வாரத்தில் ஐந்து நாளாவது மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கொழுந்தன் ஒரு டப்பா சீன மருந்துப் பொடி கொண்டுவந்து, டீயில் கலக்கிக் குடிங்க மயினி என்கிறார். டப்பா முழுக்கச் சீன எழுத்து. மூலிகைதானே, குடிக்கலாமா?
- வாசகி, முக்கூடல்

பதில்: இப்போது குடிக்க வேண்டாம் தங்கச்சி. டப்பாவை மூடி வையுங்கள், தூரவும் போட வேண்டாம்.

சீன வைத்தியம் மட்டம் என்று சொல்ல வரவில்லை. டீயில் கலக்கி என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது சுவான்சியோங் சா தியாவ் சான் என்ற பொடி. சோங் அரசர்கள் காலத்து அரசு மருந்துத் தொகுப்பிலேயே இருக்கிறது, பெயரில் வரும் 'சா' தேநீர்தான். சிச்சுவான் பக்கம் விளையும் சுவான்சியோங் கிழங்கு, புதினா, அதிமதுரம் என்று எட்டு சரக்கு சேரும். ஆனால் அது குளிர்காற்று தாக்கி வந்த தலைவலிக்கு என்று வகுத்தது. உள்ளே சூடு மேலேறி வருகிற வலிக்குத் தியன்மா கிழங்கு சேர்த்த வேறு கஷாயம். நாக்கைப் பார்த்து, நாடி பிடித்து, வலி நெற்றியிலா பொட்டிலா பிடரியிலா என்று கேட்டுத்தான் கொடுப்பார்கள், நம் சித்த வைத்தியர் வாதமா பித்தமா என்று பார்க்கிற மாதிரி. உங்கள் நாடியை யார் பிடித்தார்கள்?

அந்தத் தேநீர்ப் பொடியின் எட்டு சரக்கில் ஒன்று ஷிசின் என்ற மூலிகை. அதன் இலை, தண்டில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது, வேரில் மிகக் குறைவு. அதனால் சீனாவின் மருந்து நூல் 2005 முதல் வேரை மட்டுமே ஏற்கிறது. சிறுநீரகத்தைக் கெடுத்து, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் கொண்டுவரும் அமிலம் அது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் நூறு பேர் வரை சிறுநீரகம் பாதிக்கப்பட்டார்கள், ஒரு மூலிகைக்குப் பதில் பெயர் ஒத்த இன்னொன்று கலந்துவிட்டதால். நம் கரிசல் காட்டு ஆடுதீண்டாப்பாளையிலும் இதே அமிலம்தான். ஆடே தீண்டாது! மூலிகைதானே என்று சொல்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

பொடியை விட எனக்குப் பயம் தருவது உங்கள் மாத்திரைதான். வாரம் ஐந்து நாள் என்றால் மாதம் இருபது நாள். சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கலவை மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவந்துவிடும். அதனால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் நரம்பு டாக்டரைப் பாருங்கள், எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் டெஸ்டும் எடுத்துவிடுங்கள். வலி வராமல் தடுக்கிற மருந்து தனியாக இருக்கிறது. மூலிகைதான் மனசுக்கு ஒப்புகிறது என்றால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி பக்கத்தில்தானே இருக்கிறது. நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்றுப் போடச் சொல்வார்கள், அது உள்ளே போகாது.

அப்புறம், பீடிக் கணக்கு முடிக்கணும் என்று காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, சுளகை மடியில் வைத்துக் குனிந்தே இருக்காதீர்கள். பசியும் கழுத்துப் பிடிப்பும் ஒற்றைத் தலைவலியைக் கிளப்பும்.

திடீரென்று மண்டை வெடிக்கிற மாதிரி வலி, வாய் குளறல், ஒரு பக்கம் மரத்துப்போதல், காய்ச்சலோடு பிடரி விறைப்பு, இதில் எது வந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டப்பாவைப் போட்டோ எடுத்துக் கொழுந்தனுக்கு அனுப்பி, அதில் என்னென்ன சரக்கு என்று அங்கே உள்ள சீன மருந்துக் கடையில் எழுதி வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். அந்தச் சீட்டையும் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.