நான்கு பேர் வருகிறார்கள், பொறுப்பு யாருக்கு?

கேள்வி: பக்கவாதத்துக்குப் பின் வீடு திரும்பிய அப்பாவைப் பார்க்க நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், பராமரிப்பு உதவியாளர், சமூகப் பணியாளர் என நான்கு பேர் தனித்தனியாக வருகிறார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரிவதில்லை. எப்படிச் சரிசெய்வது?

பதில்: நால்வரில் ஒருவரை ஒருங்கிணைப்பாளராகப் பெயர் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். 'எல்லோருமாகப் பார்த்துக்கொள்கிறோம்' என்பதை ஏற்காதீர்கள். வேலை நழுவுவது அங்கேதான். கதீட்டர் (சிறுநீர் வடியும் குழாய்), புண் இருந்தால் நர்ஸ் பொருத்தம். ஆள்துணையும் பணமும்தான் சிக்கல் என்றால் சமூகப் பணியாளர்.

அடுத்தது, கட்டிலருகே ஒரே நோட்டு. முதல் பக்கத்தில் மருந்துப் பட்டியல்: பெயர், அளவு, வேளை, எதற்காக. மருத்துவமனைக்குப் போகுமுன் சாப்பிட்டவற்றையும் வரும்போது எழுதித் தந்தவற்றையும் டாக்டரோ மருந்தாளுநரோ ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருந்து, இரண்டையும் கொடுத்துவிடுவது சகஜம். நிறுத்திய மருந்தைக் கோடிட்டு, தேதியும் காரணமும் எழுதுங்கள். இல்லையென்றால் வேறொருவர் மறுபடி தொடங்கிவிடுவார்.

மற்ற பக்கங்களில் 'நன்றாக இருக்கிறார்' என்று எழுதிப் பயனில்லை. குளிப்பாட்டும்போது வாலெலும்பின் மேல் சிவப்புத் தெரிந்தால் விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். அந்த இடம் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. அன்றே நர்சுக்குப் போன் செய்ய வேண்டும். கறுத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது, சூடு, கெட்டிப்பு போன்றவைதான் அடையாளம். இதை முதலில் பார்ப்பவர் உதவியாளர். கூட்டம் போட்டால் அவரைத்தான் அழைக்க மறக்கிறார்கள்!

உதவி எவ்வளவு தேவை என்பதைப் பார்தெல் அளவுகோலில் குறிப்பார்கள்: 10 அன்றாடச் செயல்கள், எல்லாவற்றையும் தானே செய்பவருக்கு மொத்தம் 100. மொத்தத்தை மட்டும் பார்த்து ஆள் அமர்த்துவது தவறு. மாடிப்படி மட்டும் ஏற முடியாதவருக்கும் 90 வரும், சிறுநீர் மட்டும் கட்டுப்படாதவருக்கும் 90 வரும். முன்னவருக்குக் கீழ்த்தளத்தில் படுக்கை போட்டால் போதும்; பின்னவருக்கு இரவிலும் ஆள் வேண்டும்.

கேள்வி: அப்பாவின் விவரங்களை இவர்கள் தங்களுக்குள் பகிர யாருடைய சம்மதம் வேண்டும்?

பதில்: அப்பாவுடையதுதான். எந்த விவரம், யாருக்கு என்று எழுதி வாங்குவது நல்லது. பேச்சு போனதால் புரிதலும் போய்விட்டதென்று நினைத்து மகனிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். சின்னச் சின்னக் கேள்வியாக, படம் காட்டி, தலையசைத்துப் பதில் சொல்ல நேரம் கொடுங்கள். அதே கேள்வியை எதிர்மாறாகவும் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்குமே தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது, பேச்சுப் பயிற்சியாளரை அழைக்க வேண்டும்.