சின்ன கவுண்டியின் இடைநிலை வருமானம்: எந்த எண்ணை எதோடு ஒப்பிடலாம்?

கேள்வி: அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள ஔஸ்லி கவுண்டியைப் (மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். 1999 முதல் அங்குள்ள குடித்தனங்களின் இடைநிலை வருமானம் (பாதிக் குடித்தனங்கள் இதற்கு மேலும், பாதி இதற்குக் கீழும் இருக்கும்) எப்படி மாறியது என்று வரைபடம் போட வேண்டும். ஒரே ஆண்டுக்கு வெவ்வேறு எண்கள் கிடைக்கின்றன. எதை எடுப்பது?

பதில்: கிடைப்பவை எல்லாமே சென்சஸ் பீரோ வெளியிட்ட எண்களாகத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் அளப்பது வேறு. அவற்றை ஒட்டவைத்து ஒரே கோடாக இழுக்கும்போதுதான் தவறு நேர்கிறது.

முதலாவது, 2000 சென்சஸ். அப்போது ஏறக்குறைய ஆறில் ஒரு வீட்டுக்கு நீண்ட படிவம் கொடுத்து, 1999 வருமானத்தைக் கேட்டார்கள். ஔஸ்லிக்கு வந்த இடைநிலை 15,805 டாலர். அந்தப் படிவம் அத்தோடு நின்றது. 2010 சென்சஸில் வருமானக் கேள்வியே கிடையாது. ‘2010 சென்சஸ்படி வருமானம்’ என்று எங்காவது கண்டால், அது பெரும்பாலும் ஏசிஎஸ் என்கிற தொடர் கணக்கெடுப்பின் எண்.

இரண்டாவது, அந்த ஏசிஎஸ். அதன் ஓராண்டு மதிப்பீடு 65,000 பேருக்கு மேல் வசிக்கும் இடங்களுக்கு மட்டும்தான். நாலாயிரம் பேர் சொச்சம் உள்ள ஔஸ்லிக்கு ஐந்தாண்டுத் தொகுப்பே கதி, அட்டவணை பி19013. இதில் பலர் சறுக்குகிறார்கள். 2010–2014 தொகுப்பும் 2011–2015 தொகுப்பும் நான்கு ஆண்டு மாதிரியைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றின் வித்தியாசத்தை ஓராண்டு வளர்ச்சி என்று எழுதக்கூடாது. 2010–2014ஐ 2015–2019உடன் ஒப்பிடுங்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பிழை வரம்பையும் விட்டுவிடாதீர்கள். அது 90 சதவீத நம்பகத்துக்கானது. உதாரணத்துக்கு, முதல் தொகுப்பில் 24,300 ± 3,600, அடுத்ததில் 28,400 ± 4,200 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வரம்புகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 5,530. வித்தியாசமோ 4,100தான். அதாவது வருமானம் கூடியது என்று சொல்ல இந்தத் தரவு போதாது. கிராமப்புறக் கவுண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். மாதிரியில் விழும் வீடுகள் அவ்வளவு குறைவு.

ஆண்டுவாரியாகக் கோடு வேண்டுமென்றால் மூன்றாவதான ‘செய்ப்’ (SAIPE, சிறு பகுதிகளுக்கான வருமான, வறுமை மதிப்பீடு) எண்ணுக்குப் போங்கள். எல்லாக் கவுண்டிகளுக்கும் 1997 முதல் ஆண்டுதோறும் இருக்கிறது. ஏசிஎஸ் எண்ணோடு வருமான வரித் தாக்கல் விவரம் போன்றவற்றையும் சேர்த்து புள்ளியியல் சமன்பாட்டில் கணக்கிடுவதால் ஆட்டம் குறைவு. உங்கள் வரைபடத்துக்கு இதையே முதன்மைக் கோடாக வைக்கலாம். ஆனால் 2005இல் அதன் அடிப்படை சிபிஎஸ் என்ற வேறொரு மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து ஏசிஎஸ்ஸுக்கு மாறியது. 2004க்கும் 2005க்கும் இடையே கோட்டை உடைத்துக் காட்டுங்கள். அங்கே தெரியும் ஏற்ற இறக்கத்துக்குப் பொருளாதாரக் காரணம் தேடாதீர்கள். வரித் தாக்கல் வருமானத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பை ஆராயவும் இந்த எண் உதவாது, ஏனென்றால் அந்த விவரம் ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது.

அடுத்து பணவீக்கம். செய்ப் எண்கள் அந்தந்த ஆண்டு டாலரில் இருக்கும். ஏசிஎஸ் தொகுப்போ ஏற்கெனவே கடைசி ஆண்டின் டாலருக்கு மாற்றப்பட்டது. 2015–2019 என்றால் 2019 டாலர். அதை 2017 என்று நடுவாண்டாக நினைத்து மறுபடி உயர்த்தினால் இரட்டைத் திருத்தமாகிவிடும். நுகர்வோர் விலைக் குறியீட்டின் (சிபிஐ-யு) ஆண்டுச் சராசரி 1999இல் 166.6, 2019இல் 255.657. வகுத்தால் 1.535. ஔஸ்லியின் 15,805 டாலர், 2019 விலையில் சுமார் 24,250 டாலர். அதைத் தாண்டினால்தான் உண்மையான உயர்வு என்ற பேச்சே எழும். எந்தக் குறியீட்டை எடுத்தாலும் எல்லா ஆண்டுக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

பக்கத்துக் கவுண்டிகளையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால், இடைநிலைகளைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். அது எதன் இடைநிலையும் ஆகாது. பி19001 அட்டவணையில் 16 வருமானப் பிரிவுகளின் குடித்தன எண்ணிக்கை உண்டு. அவற்றைப் பிரிவுவாரியாகக் கூட்டுங்கள். மொத்தம் 1,700 குடித்தனங்கள், 25,000 டாலருக்குக் கீழே 790, 25,000 முதல் 29,999 வரை 150 என்று வைத்தால், நடுவில் வருவது 850ஆவது. 790க்கு மேல் இன்னும் 60 வேண்டும். 60ஐ 150ஆல் வகுத்து 5,000ஆல் பெருக்கினால் 2,000. இடைநிலை 27,000.

தலா வருமானத்தை இதற்கு மாற்றாக வைக்க வேண்டாம். பிஇஏ (அமெரிக்கப் பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம்) தரும் தலா வருமானத்தில் மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவ உதவித் தொகைகளும் சேரும். முதியவர்கள் அதிகமுள்ள மலைக் கவுண்டிகளில் அது படத்தையே மாற்றிவிடும். அதேபோல் ‘குடும்ப’ இடைநிலையில் தனியாக வசிப்பவர்கள் வரமாட்டார்கள் என்பதால், அட்டவணைத் தலைப்பை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

வேறு மாநிலக் கவுண்டிகளையும் சேர்த்தால் அடையாள எண்ணைச் சரிபாருங்கள். தெற்கு டகோட்டாவின் ஷானன் கவுண்டி 2015இல் ஓக்லாலா லக்கோட்டா ஆனபோது 46113 என்ற எண் 46102 ஆனது. எண்ணை வைத்துக் கோப்புகளை இணைப்பவர்களுக்கு அந்தக் கவுண்டியின் பழைய ஆண்டுகள் காணாமல் போய்விடும்.